மூன்று தரம் அணைந்து எரிந்தால்

புனே
9.6.2024

அன்புள்ள சித்திக்கு,

சுசித்ரா எழுதுகிறேன். நானும் அவரும் பாப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? சத்துணவு அடுப்புப் புகையில் ஒரு இருமல் பிடித்துக்கொண்டதே, அது எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே போன். அதுவும் சித்தப்பாவின் சட்டைப் பையில். அதில் என் பெயர் வந்தால் அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்காது. அண்ணனும் தம்பியும் கிணற்றுப் பங்குக்காக அடித்துக்கொண்டு பேச்சை விட்டார்கள். நாம் என்ன பாவம் செய்தோம்? அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் நீங்கள். அதனால்தான் நீங்கள் சமைக்கிற பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஊருக்கு வந்தபோது அப்பா வீட்டில் ஒரு பேசும் பெட்டி வைத்துவிட்டு வந்தேன். முழங்கால் வலியோடு ஒவ்வொரு சுவிட்சாகத் தேடி நடக்கிறார். பங்குனியில் ஒரு நாள் வழுக்கி விழுந்ததை எனக்குச் சொல்லவே இல்லை. இனி உட்கார்ந்த இடத்திலிருந்து வாயால் சொன்னால் போதும். ஃபேன் சுற்றும், மோட்டார் ஓடும், விளக்கு எரியும். வாசல் விளக்கு மட்டும் சொல்லாமலே சாயங்காலம் ஆறுக்கு எரிந்து பத்துக்கு அணையும்.

உங்கள் வாசலில் நின்றால் எங்கள் வாசல் தெரியும். நடுவில் ஒரு தக்காளித் தோட்டம்தானே. விளக்கு சரியாக எரிகிறதா, அப்பா நடமாட்டம் தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள். அவரைக் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ போனை வை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

உங்கள்
சுசி


மாரண்டஹள்ளி
24.6.2024

கண்ணு சுசித்ராவுக்கு,

சித்தி எழுதிக்கொண்டது. இருமல் போய்விட்டது, கால் வீக்கம் மட்டும் போவேனா என்கிறது. மாப்பிள்ளைக்கு வேலைப் பளு குறைந்ததா? பாப்பா நடக்கிறாளா?

பெட்டி நன்றாக வேலை செய்கிறது. உங்க அப்பா அதைவிட நன்றாக வேலை வாங்குகிறார். அவர் போடுகிற சத்தம் தோட்டம் தாண்டி எங்கள் அடுப்படி வரைக்கும் வருகிறது. முந்தாநாள் "ஏ பொட்டி, ஃபேனைப் போடுன்னா போட மாட்டியா?" என்று ஓர் அதட்டல். கட்டின பெண்டாட்டியைக்கூட அப்படி அதட்டாத மனுஷன். ஆட்டுக்கார மாது அண்ணன் தினம் ஒரு தரம் போய் அதனிடம் தக்காளி விலை கேட்டுவிட்டு வருகிறார். அது சொல்கிற விலைக்கு மண்டியில் ஒருவரும் எடுப்பதில்லை.

விளக்கு சரியாக ஆறுக்கு எரிந்து பத்துக்கு அணைகிறது. அதில்தான் ஒரு சின்ன விஷயம். பேச்சு நின்ற நாளிலிருந்து, எங்கள் வாசல் விளக்கு அணையாமல் உங்க அப்பா தம் விளக்கை அணைத்தது கிடையாது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குத் தெரியாது. நாங்கள் ஏதாவது கல்யாணத்துக்குப் போய் நேரம் கழித்துத் திரும்பினாலும் அங்கே எரிந்துகொண்டிருக்கும். நாங்கள் வீடு சேர்ந்து, இங்கே அணைத்த பிறகுதான் அங்கே அணையும். உங்க சித்தப்பா இதை வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் அணைக்கும்போது ஒரு கண் அங்கேதான். இப்போது பத்தடித்தால் பட்டென்று அணைந்துவிடுகிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர், பாலில் சர்க்கரையே இல்லை என்று கத்தினார். சர்க்கரை இருந்தது.

இன்னொன்று. ராகி கதிர் பிடித்தால் ஆனை இறங்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காட்டானைக்கு யார் மணி கட்டினார்கள்? நமக்கு மணி உங்க அப்பா வீட்டு வாசல் விளக்குதான். காட்டோரத்து வீடு அவருடையது, அவர் கண்ணில்தான் முதலில் படும். விளக்கு மூன்று தரம் படபடவென்று அணைந்து எரிந்தால் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள். சண்டைக்குப் பிறகும் ஒரு வருஷம்கூட அது தவறியதில்லை. அந்த மூன்று தரம் இந்தப் பெட்டிக்குத் தெரியுமா? மறக்காமல் எழுது.

பாப்பாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போடு.

சித்தி
நிர்மலாதேவி


புனே
2.9.2024

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு, பிறகு ஆபீசில் ஆள் குறைப்பு என்று ஒரே கலவரம். இப்போது எல்லோரும் தேறிவிட்டோம்.

அப்பாவோடுதான் மல்லுக்கட்டாக இருந்தது. வாயால் சொல்லுங்கள் என்றால் கேட்பதில்லை. பழக்கதோஷத்தில் எழுந்து போய் வாசல் சுவிட்சை அணைத்துவிடுகிறார். சுவரில் அணைத்துவிட்டால் பெட்டியால் அந்த விளக்கை ஒன்றும் செய்ய முடியாது. மறுநாள் ஆறு மணிக்கு விளக்கு எரியாது. என் போனில் அது தெரிந்ததும் அப்பாவுக்கு அடித்துக்கொண்டே இருப்பேன். நீங்கள் சொன்னது போல உங்கள் விளக்குக்காகக் காத்திருந்து அணைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. எலெக்ட்ரீஷியன் பிரபாகருக்குப் போன் செய்து அந்தச் சுவிட்சையே கழற்றிவிட்டு, ஓட்டைக்கு மூடி போடச் சொல்லிவிட்டேன். இனி முழங்காலுக்கும் தொல்லையில்லை.

ஆனை விஷயம் கேட்டிருந்தீர்கள். அதற்கென்ன சித்தி, அணை என்றால் அணைக்கும், போடு என்றால் போடும். மூன்று தரம் சொன்னால் மூன்று தரம் செய்யும். கவலை வேண்டாம்.

உங்கள்
சுசி


மாரண்டஹள்ளி
20.9.2024

கண்ணு சுசிக்கு,

சித்தியின் ஆசீர்வாதம். பாப்பாவுக்கு உடம்பு தேறியது கேட்டுத்தான் மூச்சு வந்தது. ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடு, கடையில் விற்கிற மாவெல்லாம் வேண்டாம்.

மூடி போட்டதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், உங்க அப்பா சாயங்காலமானால் அந்தச் சுவரோரம் போய் நிற்கிறார். கை தானாக மேலே போகிறது. மூடியைத் தடவிவிட்டுத் திரும்பிவிடுகிறார். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

இங்கே இவர் ஒரு கூத்து நடத்துகிறார். ஒன்பதரைக்கே நம் விளக்கை அணைத்துவிட வேண்டுமாம். "அவன் அணைச்சு நாம பாக்கறதா? நாம அணைச்சு அவன் பாக்கட்டும்" என்கிறார். அணைத்துவிட்டு இருட்டில் நின்றுகொண்டு, அங்கே பத்துக்கு அணைகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். என்னத்தைச் சொல்ல! பெட்டிதான் அணைக்கிறது, உங்கண்ணன் இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. "பொட்டி வெக்கச் சொன்னது யாரு?" என்கிறார்.

பக்கத்து ஊர் வரைக்கும் ஒத்தைக் கொம்பன் ஆனை வந்துவிட்டதாம். நம் ராகி இன்னும் ஒரு மாதத்தில் முற்றும். பெட்டியிடம் ஒரு தரம் மின்னச் சொல்லிப் பார்க்கும்படி உங்க அப்பாவுக்குச் சொல். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

சித்தி


புனே
8.11.2024

அன்புள்ள சித்திக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. தீபாவளிக்கு முந்தி ஒரு கடிதம், பிந்தி ஒரு கடிதம் போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. நேற்றுத்தான் அப்பா போனில் "உன் சித்தப்பனுக்கு அடிபட்டுருச்சு, தர்மபுரி ஆஸ்பத்திரில இருக்கான்" என்றார். எப்படி என்றேன். வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

சுசி


மாரண்டஹள்ளி
17.11.2024

சுசித்ராவுக்கு,

நலம் கேட்டிருந்தாய். நலமில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், பொழுது இறங்குகிற நேரம், உங்க சித்தப்பா மடை மாற்றத் தோட்டத்துக்குப் போனார். ராகிக்குள் ஒத்தைக் கொம்பன் நின்றிருக்கிறது. மோட்டார் சத்தத்தில் இவருக்குத் தெரியவில்லை. தும்பிக்கையால் ஒரு தள்ளு. வரப்பில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மிதிக்காமல் விட்டது எந்தச் சாமி புண்ணியமோ. தகடு வைத்து ஆபரேஷன் செய்து, தீபாவளி எங்களுக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் போனது. இப்போது வீட்டில் கிடக்கிறார்.

உங்க அப்பா மூன்று தரம் மின்னவில்லை. ஒரு தரம் அணைந்தது, கொஞ்சம் கழித்து மெதுவாக எரிந்தது. அவ்வளவுதான்.

"அண்ணன் வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தான்" என்று இவர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறார். நான் அதற்கு என்ன சொல்ல முடியும்?

இனி பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போடாதே.

நிர்மலாதேவி


மாரண்டஹள்ளி, அப்பா வீடு
30.11.2024

சித்தி,

போடாதே என்றீர்கள். இதைத் தபாலில் போடவில்லை, மாதுவிடம் கொடுத்தனுப்புகிறேன். நமக்கு நடுவில் இப்போது தக்காளித் தோட்டம் மட்டும்தான் இருக்கிறது. காலையில் உங்கள் வாசலுக்கு வந்தேன். சித்தப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீங்கள் அடுப்படிக்குள் போனவர் வெளியே வரவில்லை. உங்கள் கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, பார்த்தேன்.

நேற்றுச் சாயங்காலம் நானே பெட்டியிடம் மூன்று தரம் மின்னச் சொல்லிப் பார்த்தேன். முதலில் அதைக் கூப்பிட வேண்டும். அது விழித்துக்கொண்ட பிறகு அணை என்று சொல்ல வேண்டும். "சரி, வாசல் விளக்கை அணைக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அணைக்கிறது. மறுபடி கூப்பிட வேண்டும். போடு என்று சொல்ல வேண்டும். "சரி" என்று அதற்கும் ஒரு பதில். அது பேசும்போது நாம் பேசினால் "புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்கிறது. நிதானமாக நின்று சொல்லியும் மூன்று தரம் முடிவதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. ஆனையைக் கண்ட மனுஷன் அதனிடம் எப்படி நிதானமாகப் பேசுவார்? மூன்று தரம் சொன்னால் மூன்று தரம் செய்யும் என்று உங்களுக்கு எழுதினேனே, நான் ஒரு நாளாவது செய்து பார்த்திருக்க வேண்டாமா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது, சித்தி. பிடித்தவள் நான்.

சுவரில் அந்த மூடியைச் சுற்றி அரிவாள் கீறல். அப்பாவின் உள்ளங்கையில் ஆறிக்கொண்டிருக்கிற ஒரு வெட்டு. நான் கேட்டதற்கு முள் குத்திவிட்டது என்கிறார். மாதுதான் சொன்னார்: அரிவாளால் நெம்பியும் மூடி வரவில்லை என்றதும் அப்பா சோற்றுத் தட்டைத் தட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடு, "வீரா, வீரா" என்று தம்பி பெயரைக் கத்தியபடி வரப்பில் ஓடியிருக்கிறார். பாதி தூரம்தான் போக முடிந்ததாம். அந்தத் தட்டுச் சத்தத்தில்தான் ஆனை மிதிக்காமல் திரும்பியது என்கிறார் மாது.

இதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அப்பா விடவில்லை. "பொட்டி மேல பழியைப் போட்டுத் தப்பிச்சுக்கச் சொல்றியா? வெளக்கு மின்னல, அவன் கண்ணுக்கு அதுதான் தெரிஞ்சுது. விடு" என்கிறார்.

சித்தி, ஒன்று கேட்கிறேன். ஒரு தரம் அணைந்தது, மெதுவாக எரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். சித்தப்பா அப்போது கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருப்பார். விளக்கு அணைந்து எரிந்ததைப் பார்த்தது நீங்கள்தானே? அதைச் சித்தப்பாவிடம் சொன்னீர்களா?

நாளைக்குக் கிளம்புகிறேன்.

சுசி


மாரண்டஹள்ளி
16.12.2024

சுசித்ராவுக்கு,

அவருக்குத் தேவலை. வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் வருகிறார். பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. பாப்பா சௌக்கியமா?

நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

சித்தி


புனே
2.1.2025

அன்புள்ள சித்திக்கு,

பாப்பா சௌக்கியம். நாலெட்டு வைக்கிறாள், ஐந்தாவதில் உட்கார்ந்துவிடுகிறாள். "சித்தி" என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அது எனக்குப் போதும். நான் கேட்டதற்குப் பதில் வேண்டாம்.

வேறொரு சங்கதி. அப்பா வாசல் விளக்கை இரவெல்லாம் எரிய விடுகிறார். பத்து மணிக்கு அது அணைந்தால் மறுபடி போடச் சொல்கிறார். சித்தப்பா விழுந்த நாளிலிருந்து உங்கள் வாசலில் விளக்கே போடுவதில்லையாமே. "அவங்க போட்டாத்தானே அணைப்பாங்க? அணைச்சாத்தானே நான் அணைக்க முடியும்?" என்றார். பழைய சுவிட்சை மறுபடி வைத்துத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? யாரு பாக்கப் போறா?" என்றார்.

இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொல்வேன்?

பொங்கல் வாழ்த்துகள்.

சுசி


மாரண்டஹள்ளி
19.1.2025

என் கண்ணு சுசிக்கு,

சித்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தப்பாவும், எதிர் வீட்டில் உன் அப்பாவும் சுகம். மூன்று பேரையும் ஒரே வரியில் எழுதி எத்தனை காலம் ஆயிற்று!

உன் கடிதத்தைச் சத்துணவு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். போடாத விளக்கு எப்போது அணையும் என்று ஒரு மனுஷன் விடிய விடியக் காத்திருக்கிறார் என்றால், அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன கல்லா?

மாட்டுப் பொங்கலன்று உன் சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு வெளக்கு அணைஞ்சு எரிஞ்சதை நான் பாத்தேங்க" என்றேன். "ஒருக்கா இல்ல, ரெண்டு தரம். மெதுவா அணைஞ்சு எரிஞ்சுதேன்னு கரண்டு ஆடுதுன்னு நெனச்சுட்டேன். நீங்க உள்ள நின்னு தோட்டத்துக்குக் கெளம்பலாமா வேண்டாமான்னு யோசிச்சீங்க. மோட்டார் நிக்கறதுக்குள்ள மடையை மாத்திட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பினேன். பெரியவரு வேடிக்கை பாக்கலீங்க. அவரால முடிஞ்சதைப் பண்ணியிருக்காரு." சுவிட்ச் இல்லாமல் அவர் மூடியை நெம்பிப் பார்த்ததையும், தட்டைத் தட்டிக்கொண்டு ஓடிவந்ததையும் சொன்னேன்.

பிரஷ் நின்றது. "இத்தன நாளா ஏன் சொல்லல?"

"அண்ணன் மேல இருந்த கோவத்துலதான் நீங்க எந்திரிச்சு நடந்தீங்க. அதையும் புடுங்கிட்டா படுத்துக்குவீங்களோன்னு இருந்துச்சு."

இது பாதி உண்மை, கண்ணு. மீதிப் பாதி பயம். நீதானே அனுப்பினாய் என்று அவர் ஒரு தரம் சொல்லிவிட்டால் இந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு சோறு போடுவேன்? அந்தப் பயத்துக்கு உன் அப்பாவைப் பலி கொடுத்தேன். உனக்கும் எழுதாதே என்று எழுதினேன்.

அவர் மறுபடி பிரஷை வர்ணத்தில் தோய்த்தார். ஒரு கொம்பை முடித்தார். மற்றக் கொம்பையும் முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பிரபாகருக்குப் போடு. எதிர் வூட்டுல சுவிட்சைப் புடுங்கிட்டு மூடி வெச்சிருக்கானாம், அதைத் திரும்ப வெச்சுக் குடுத்துட்டு வரச் சொல்லு. கூலி இங்க வந்து வாங்கிக்கட்டும். என் பேரைச் சொல்ல வேண்டாம்."

பிரபாகர் வாயில் எது நிற்கும்? மறுநாள் போய் முதல் வார்த்தையே "உங்க தம்பிதாங்க அனுப்பினாரு" என்றிருக்கிறான். உன் அப்பா அவனை உட்கார வைத்துப் பொங்கல் போட்டு அனுப்பினாராம்.

அன்று சாயங்காலம் அங்கே விளக்கு மூன்று தரம் படபடவென்று அணைந்து எரிந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மாது வெடி போட்டார். தகர டப்பாவை ஒருத்தர் விடாமல் தட்டினோம். ராகி அறுத்த காட்டில் ஆனை எங்கே இருக்கிறது? டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு நரிகூட இல்லை. அதற்குள் மறுபடி மூன்று தரம்.

உன் சித்தப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். "ஆனையும் இல்ல, பூனையும் இல்ல. சுவிட்சு வேலை செய்யுதான்னு பாக்கறான். எங்கண்ணன் சின்ன வயசுலயும் இப்படித்தான், எதையும் ரெண்டு தரம் போட்டுப் பாப்பான். அதுக்கு ஊரையே கூட்டணுமா?" என்று திட்டினார். எங்கண்ணன் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டிக்கொண்டே அடிமேல் அடி வைத்துச் சுவரோரம் போனார். நம் வாசல் விளக்கைப் போட்டார். அணைத்துப் போட்டார், அணைத்துப் போட்டார், அணைத்துப் போட்டார்.

இன்னும் இருவரும் பேசவில்லை. பேசுகிறபோது பேசட்டும், நான் அவசரப்படுத்தப் போவதில்லை. பெட்டி அங்கேயேதான் இருக்கிறது, ஃபேன் போடுகிறது, மாதுவுக்குத் தக்காளி விலை சொல்கிறது. வாசல் விளக்கு மட்டும் உன் அப்பா கையில். முழங்காலுக்கு நான் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போன் இப்போது என் இடுப்பில் இருக்கிறது. பாப்பாவின் குரலைக் கேட்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்றைக்கு இரவு பத்தாயிற்று, இவர் அணைக்கவில்லை. அங்கேயும் அணையவில்லை. இரண்டு பேரும் இப்படியே உட்கார்ந்திருந்தால் காலையில் அடுப்புப் பற்ற வைக்க எனக்குத்தான் கண் விழிக்காது என்று நானே எழுந்து போய் நம்முடையதை அணைத்தேன். நான் கட்டிலுக்குத் திரும்புவதற்குள் அங்கே அணைந்தது.

உன் சித்தி
நிர்மலாதேவி